மரியாதைக்காக ஓடுகிற டயர்

மகன்,

எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் ஸலாமை விட்டுவிடக் கூடாது என்று என்னை வளர்த்திருக்கிறார்கள். ஆகவே முதலில், அஸ்ஸலாமு அலைக்கும். இதற்குப் பதில் சொல்வது உன்மீது கடமை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இப்போதே சொல்லிவிடாதே. கடிதத்தை முழுக்க வாசித்து, கடைசியில் நான் சொல்கிற காரியத்தைச் செய்து முடித்துவிட்டுச் சொல். போனில் கதைத்தால் "ஓம் உம்மா, சரி உம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். உன் வாப்பாவிடம் படித்த வித்தை அது. கடிதத்துக்கு நடுவில் "ஓம் உம்மா" போட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இதை நம் குடும்ப வட்ஸ்அப்பிலும் போட்டுவிடுவேன். இந்தக் கரையோரத்தில் பெண் வீட்டில் போய்க் குடியிருக்கிற ஒவ்வொரு மாப்பிள்ளையும் வாசிக்கட்டும். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். விஷயம் இவ்வளவு தூரம் வந்ததே அந்த வெட்கத்தால்தான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே இங்கே வந்தாய். ரேசிங் சைக்கிளைக் கிணற்றடிச் சுவரில் சாத்தினாய். பாரைக் குழம்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு ஹோலில் பாயைப் போட்டு, ஃபேனுக்குக் கீழே சரிந்துவிட்டாய். நான் காய்ந்த உடுப்பை எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். கொடியில் கையை வைத்தபடி குனிந்தால் உன் முன் டயர் கண்ணுக்கு நேரே நிற்கிறது. நடுவில் தட்டையாகத் தேய்ந்து, ரப்பர் போய், உள்ளே இருக்கிற வெள்ளை நூல் கீறல் கீறலாகத் தெரிகிறது. பெருவிரலால் தடவிப் பார்த்தேன். ஓர் இடத்தில் நூலும் அறுந்திருந்தது. உடுப்பைக் கிணற்றுக் கட்டில் போட்டுவிட்டு வந்து உன்னை எழுப்பினேன்.

"மனெ, எழும்பு. என்ன கோலத்துல இரிக்கி உன்ட டயர்?"

"என்ன உம்மா இப்ப?"

"முன் டயர்ல நூல் தெரியிது."

"ஒள்ளமாத்தானே தெரியிது உம்மா. இன்னும் கொஞ்ச நாளைக்கி ஓடும்."

"பின் டயர்தானே முதல்ல தேயும். இது எப்பிடி முன்னுக்குத் தேஞ்சிரிக்கி?"

"பின்னுக்கு இருந்தது கூடுதலாத் தேஞ்சிட்டு. மறுகா அதக் கழட்டி முன்னுக்குப் போட்டன், முன்னுக்கு இருந்தத பின்னுக்குப் போட்டன். ரெண்டும் ஒரே மாதிரித் தேயட்டும் எண்டு."

"புதுசு ஒண்டு வாங்க ஏலாதா உனக்கு?"

நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாய். "அது மாமா தந்த டயர் உம்மா. கழட்டிப் போட்டா அவர் என்ன நினைப்பார்?"

சொல்லிவிட்டு முகத்தைக் கழுவி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, துமித்துக்கொண்டிருந்த மழையில் சம்மாந்துறைப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாய். காரைதீவுச் சந்தியில் திரும்பி, வயல் நடுவே, ஈரத் தாரில், நூல் தெரிகிற டயரில். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் பெண்சாதி ஹஸ்னா செய்தி போடும்வரை வீட்டுக்குள் போகவில்லை.

என்ன நினைப்பார்! நீ விழுந்து தாடை உடைந்து கிடந்தால் மட்டும் அவர் என்ன நினைப்பாராம்? "ஆஹா, மருமகன் எவ்வளவு மரியாதையாக விழுந்திருக்கிறார்" என்று நினைப்பாரா? ஒரு டயர் தந்த மனிதர் அந்த டயரோடு நீ மண்ணுக்குள் போக வேண்டும் என்றா தந்தார்? படித்த பிள்ளை நீ. கல்முனையில் கந்தோரில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாய். ஊரார் உன்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். உனக்கு ஆலோசனை சொல்ல ஒரு நூல் வெளியே வந்து பல்லைக் காட்டுகிறது, அதைக் கேட்க உனக்கு நேரமில்லை.

உனக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வராது. எனக்கே சொல்லித் தந்தது நீதான். அந்தச் சைக்கிள் பெட்டியில் வந்த நாளை மறந்துவிட்டாயா? உன் முதல் சம்பளத்திலிருந்து ஆசைப்பட்டு எடுத்தது. ஹோலில் பாயை விரித்து, ஒவ்வொரு பாகமாக எடுத்து வைத்து நீ பூட்டிக்கொண்டிருந்தாய். உன் வாப்பா வந்து டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, புதுசே மொட்டையா வந்திரிக்கி? ஏமாத்திட்டானுகள்" என்று சொன்னார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இந்த ஜாதிச் சைக்கிளுக்கு டயர் மொட்டையாகத்தான் இருக்கும், தாரில் ஓட வரி தேவையில்லை என்று விளக்கினாய். அப்போது நான் கேட்டேன், வரியே இல்லாத டயர் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. நீ என் பெருவிரலைப் பிடித்து டயரின் நடுவில் வைத்தாய். ஊசி முனை போல இரண்டு சின்னக் குழிகள். "இந்தக் குழி தெரியிற மட்டும் டயர் நல்லம் உம்மா. குழி மறைஞ்சா மாத்திரணும். எல்லா டயர்லயும் இரிக்காது, இதுல இரிக்கி" என்றாய்.

எனக்கு அது உடனே பிடித்துப்போனது. ஏனென்றால் என் தொழிலே பெருவிரலால் குழி பார்க்கிற தொழில். நான் எத்தனை வருடம் மிட்வைஃபாக வீடு வீடாகப் போனவள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியின் காலைப் பிடித்து, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்ப்போம். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால், அது வீக்கம், பிரஷர் ஏறுகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று உன்னிடம் சொன்னேன், "அப்ப காலுல குழி விழுந்தா ஆபத்து, டயர்ல குழி மறைஞ்சா ஆபத்து" என்று. நீ அதைக் கேட்டு உன் சைக்கிள் கூட்டாளிமாருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாய். அவர்களுக்குச் சொன்னாய். உன் தலையில் மட்டும் ஏறவில்லை.

சரி, மாமா தந்த டயர் என்கிறாய். அந்த டயர் வந்த கதையும் எனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு உன் மாமா, ஹஸ்னாவின் வாப்பா, கட்டார் நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி அந்த இரண்டு டயரையும் எடுப்பித்திருந்தார். நெல்லும் ட்ராக்டரும் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், மணிக்கூடு கட்டுவார்கள். இந்த மனிதர் மருமகனுக்கு எதில் ஆசை என்று மகளிடம் விசாரித்து, சைக்கிளின் பெயரை அவளிடம் எழுதி வாங்கி, அளவு பிழைக்காமல் எடுப்பித்தார். ஓரமெல்லாம் தேன் நிறம். ஊரில் வேறு எந்தச் சைக்கிளுக்கும் அந்த நிறம் இல்லை. நீ பெண் வீட்டுக்குப் போன கிழமையே அதைப் பூட்டினாய். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை எல்லாம் அவர் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தேன் நிறத்தைக் காட்டினார் என்று ஹஸ்னா சொல்லிச் சிரித்தாள். எனக்கும் அன்று மனம் நிறைந்துதான் இருந்தது. பிள்ளையைப் பெற்று வளர்த்து, பிறகு இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிற உம்மாவுக்கு, அந்த வீட்டில் பிள்ளையின் ஆசையை விசாரிக்க ஒருவர் இருக்கிறார் என்பது பெரிய விஷயம்.

நீ பெண் வீட்டுக்குப் போன நாளில் உன் காதில் நான் சொல்லி அனுப்பியதும் உண்மை. "அங்க எதையும் குறை சொல்லாத மனெ. வச்சதத் தின்னு, தந்தத உடுத்து. மருமகன்ட வாயிலருந்து ஒரு குறை வந்தா அந்த வீட்டுக்கே சோறு இறங்காது" என்றேன். இங்கே எல்லா உம்மாமாரும் சொல்கிற வார்த்தை. ஆனால் நான் சொன்னது சோற்றுக்கும் கறிக்கும் உடுப்புக்கும். ஆணத்தில் உப்புக் குறைந்தால் வாயைத் திறக்காமல் சாப்பிடு என்றேன். நூல் தெரிகிற டயரில் வாயைத் திறக்காமல் ஓடு என்று நான் எப்போது சொன்னேன்? உப்பில்லாத கறியால் இதுவரை யாரும் மௌத்தானதில்லை. என் புத்திமதியைத் தூக்கிக்கொண்டு போய் சைக்கிளில் பூட்டியது உன் கெட்டித்தனம்.

அந்தக் கெட்டித்தனத்தில் இன்னொன்றையும் செய்திருக்கிறாய், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தேய்ந்ததை முன்னுக்குப் போட்டாய். பின் டயர் வெடித்தால் சைக்கிள் ஆடும், வழுக்கும், ஆனால் பிடித்து நிறுத்த ஒரு வழி இருக்கிறது. முன் டயர் போனால் கைப்பிடி உன் பேச்சைக் கேட்காது, முகத்தில்தான் விழுவாய். பின் சில்லுத்தான் உன் பாரத்தைச் சுமக்கிறது, மிதிக்கிற பலமெல்லாம் அதற்குத்தான் போகிறது. அதனால் அது முதலில் தேயும். அப்படித் தேய்ந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, முன்னால் இருக்கிற நல்லதைப் பின்னுக்குப் போட்டு, புதியதை முன்னுக்குப் போட வேண்டும். இதுவும் நீ சொன்னதுதான். இதைத் தலைகீழாகச் செய்ததற்குக் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. வேறொரு டயர் வாங்கினால் அது கறுப்பாக இருக்கும், தேன் நிறம் ஒன்று கறுப்பு ஒன்று என்று மாமாவின் கண்ணில் படும், அதற்குப் பயந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றினாய். டயரின் நிறத்தைக் காப்பாற்ற முகத்தைப் பணயம் வைத்திருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை வாசிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். டயர் திடீரென்று ஒரு நாளில் சாவதில்லை, பல தடவை சொல்லிவிட்டுத்தான் போகும். உருண்டையாக இருந்த முதுகு நடுவில் சப்பையாகும். முன்பு மாதத்துக்கு ஒரு தரம் போகிற காற்று கிழமைக்கு ஒரு தரம் போகும். சின்னக் கிறவல் கல்லும் ஊசியாகக் குத்தும், ஏனென்றால் தடுக்க ரப்பர் இல்லை. நம் கரையில் வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து, ஓடாமல் சாத்தி வைத்த டயரின் ஓரத்தையும் வெடிக்க வைக்கும், ஆகவே ஓடவில்லை, தேயவில்லை என்று நம்பியிருக்காதீர்கள். எங்கேயாவது கொப்புளம் போல உப்பியிருந்தால் அன்றைக்கே கழற்றுங்கள், வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று பார்க்காதீர்கள். அந்த ஒல்லி டயருக்குள் லொறி டயருக்கு அடிக்கிற அளவு காற்றை அடைத்து வைத்திருக்கிறீர்கள். நூல் தெரிந்த பிறகு அந்தக் காற்றைத் தடுத்து வைத்திருப்பது அல்லாஹ்வின் கருணை மட்டும்தான். கருணையைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

நீ கேட்கலாம், நீங்கள் தேய்ந்த டயரில் ஓடவில்லையா உம்மா என்று. ஓடினேன். எங்கள் கந்தோரில் பழைய டயரைக் கொண்டுபோய்க் காட்டி, நூல் தெரிகிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் புதிய டயருக்கு ஒப்பம் கிடைக்கும். காட்டுவதற்காகவே தேய வைக்க வேண்டும். மருதமுனையில் ஒரு பெண் சைக்கிள் ஓடுகிறாள் என்று அந்த நாளில் வாய்க்கு வந்தபடி கதைத்தவர்களுக்கு நடுவில், டயருக்குள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு, பிள்ளை நிறுக்கிற தராசைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். நற்பிட்டிமுனையில் வாய்க்கால் கட்டில் முன் டயர் வெடித்தது. முழங்கையில் இருக்கிற தழும்பு அதில் வந்ததுதான். சின்னதில் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டுதான் நீ தூங்குவாய். எனக்கு அன்று வாய் இருந்தது, டயர் தர ஆள் இருக்கவில்லை. உனக்குக் கடை இருக்கிறது, கையில் சம்பளம் இருக்கிறது, வாய் மட்டும் இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

நீ போன அடுத்த நாள் ஹஸ்னாவுக்குப் போன் எடுத்தேன். உன்னைக் கண்டிக்கச் சொல்லத்தான் எடுத்தேன். பிள்ளை பெற மாதம் நெருங்குகிறவளிடம் இதையெல்லாம் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மாமி, சைக்கிள் டயரப் பத்தியா?"

"உனக்கும் தெரியுமா புள்ள?"

"எனக்கு மட்டுமில்ல மாமி. வாப்பாக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் என்ன செய்றார் மனிசன்?"

அவள் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "றோட்டக் கூட்டுறார்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மகன், உனக்கும் இது தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதர் இவ்வளவு பாடுபடுகிறார். பெரிய வீதியிலிருந்து உங்கள் வீட்டுப் பக்கம் திரும்புகிற மதகடி வளைவு இருக்கிறதே, வயலுக்குப் போகிற ட்ராக்டர்களும் கிறவல் ஏற்றுகிற டிப்பர்களும் சேற்றையும் கல்லையும் கொட்டிக்கொண்டு போகிற இடம். நீ கந்தோர் விட்டு அந்த வளைவால்தான் வருவாய். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுத கையோடு உன் மாமா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார். வளைவு முழுக்கக் கூட்டுகிறார். கல், கம்பித் துண்டு, போத்தல் ஓடு, வைக்கோல், எல்லாவற்றையும் கூட்டி வாய்க்கால் ஓரமாகத் தள்ளுகிறார். உன் சைக்கிள் தூரத்தில் தெரிந்ததும் விளக்குமாற்றை மதகுக்குக் கீழே மறைத்துவிட்டு, உலாத்த வந்தவர் போல எதிரே நடந்து வருகிறார். நீ "எங்க மாமா போறீங்க?" என்று கேட்டிருப்பாய். "சும்மா ஒள்ளம் காத்து வாங்க" என்று அவர் சொல்லியிருப்பார்.

இது மாதக்கணக்காக நடக்கிறது. கண் தெளிவில்லாத மனிதர். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது என்று நீயே என்னிடம் சொன்னாய். போன கிழமை ஒரு டிப்பர் வளைவில் திரும்பும்போது அவரை ஒட்டிப் போயிருக்கிறது. அவர் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தை அது இழுத்துக்கொண்டு போக, விளக்குமாறு சில்லுக்குள் அகப்பட்டு நொறுங்கிவிட்டதாம். அவர் வீட்டுக்கு வந்து புதிய விளக்குமாறு கட்டியிருக்கிறார். உனக்குச் சொல்லக் கூடாது என்று மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்க அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஹஸ்னா கெட்டிக்காரி, அந்த ஓட்டைக்குள்ளால்தான் எனக்குச் சொன்னாள்.

நான் அந்த நிமிடமே, அண்ணனைப் போல காக்கா என்று நான் கூப்பிடுகிற அந்த மனிதருக்குப் போன் எடுத்தேன்.

"காக்கா, நீங்க மதகடில என்ன செய்றீங்க?"

"யார் சொன்ன? அது பள்ளிவாசலுக்குப் போற றோட்டு தங்கச்சி. றோட்டுல கிடக்குற கல்ல எடுத்துப் போட்டா நன்மைதானே, ஸதகாதானே."

"கல்ல எடுக்கிறது ஸதகாதான். டயர் தேஞ்சிட்டு மருமகன், மாத்துங்க எண்டு வாயத் தொறந்து சொல்றதும் ஸதகாதான். அது ஏன் ஏலாம இரிக்கி உங்களுக்கு?"

அவர் இருமினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எப்பிடித் தங்கச்சி சொல்ற? நாம குடுத்த சாமான நாமளே சரியில்ல எண்டு சொல்றதா? மருமகன் அத எவ்வளவு ஆசையா வச்சிரிக்கார். முன்னுக்கும் பின்னுக்கும் மாத்தி மாத்திப் போட்டு ஓடுறார். வேற ஒண்ட நான் எடுத்துக் குடுத்தா, இத அவர் பழுதாக்கிட்டார் எண்டு நான் குறை நினைச்சிட்டன் எண்டு மனம் நோவாரே. அந்தப் புள்ள ஒரு குறை சொல்லாத புள்ள."

போனை வைத்துக்கொண்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீ அவருக்கு ஆசை என்று டயரைக் கழற்றவில்லை. அவர் உனக்கு ஆசை என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் அந்தத் தேன் நிற டயரில் இப்போது ஒரு துளி ஆசையும் இல்லை, பயம்தான் இருக்கிறது. பயத்தை மரியாதை என்று சொல்லிப் பொத்தி வைத்திருக்கிறீர்கள். நடுவில் வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி, அந்தி நேரத்தில் ஜன்னலில் நின்று புருஷனுக்கும் வாப்பாவுக்கும் சேர்த்து ஓதிக்கொண்டிருக்கிறாள். ஒரு டயரை மாற்ற வெட்கப்பட்டு ஒரு வீதியையே கூட்டுகிற குடும்பத்தை நான் என் சேவைக்காலத்தில் எங்கும் கண்டதில்லை.

கண்டதில்லை என்பதும் சரியில்லை. ஒரு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புருஷனுக்குச் சொல்ல உம்மாவுக்குக் கூச்சம், மாமிக்குச் சொல்ல மருமகளுக்குக் கூச்சம். ஆகவே எல்லோரும் சேர்ந்து அவளுக்குப் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நான் காலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் அடுத்த வளவில் கோழி பறந்தது. ஒரு மணித்தியாலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். என்னை அந்த வீட்டார் நாகரிகமில்லாதவள் என்று பிறகு கதைத்ததாகக் கேள்வி. கதைக்கட்டும். என் நாகரிகமில்லாத வாய்க்குப் பிறந்த பிள்ளை நீ. உனக்கு இந்த நாகரிகம் எங்கிருந்து வந்தது?

உன் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "உடு புள்ள, ரெண்டு பேரும் பெரிய ஆக்கள், கதைச்சு முடிச்சிக்குவாங்க" என்றார். இவரும் அதே ஜாதி. மற்ற உம்மாமாரைப் போல நானும், பெண் வீட்டுக்குக் கொடுத்த பிள்ளையின் விஷயத்தில் தலை போடக் கூடாது என்று இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் மரியாதைக்கார வரிசையில் இன்னொரு ஆள் கூடுவாள், அவ்வளவுதான். உன் மாமா போனை வைக்கும் முன் "மருமகனுட்டச் சொல்லிராதீங்க தங்கச்சி" என்று கெஞ்சினார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. "பார்ப்பம் காக்கா" என்றேன். பார்த்துவிட்டேன், சொல்லிவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற அன்றே இரண்டு டயர் வாங்கு. என்ன நிறமும் இருக்கட்டும். அவற்றைப் பூட்டும்வரை சைக்கிளில் ஏறாதே, பஸ்ஸில் போ. கழற்றிய டயர்களைக் கத்தியால் குறுக்கே வெட்டிவிட்டு எறி, இல்லாவிட்டால் யாராவது பொறுக்கி எடுத்துத் தன் பிள்ளையின் சைக்கிளில் பூட்டுவான். நம் ஊரில் அப்படித்தான் நடக்கும். அவற்றை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஞாபகம் வேண்டுமென்றால் என் முழங்கையை வந்து பார்.

ஆனால் டயரைத் தொடும் முன் ஒரு காரியம் இருக்கிறது. அஸருக்குப் பிறகு மதகடிக்குப் போ. நடந்து போ. பெரிய வீதிப் பக்கத்தால் போகாதே, சைக்கிள் வருகிறதா என்று அவருக்கு அந்தப் பக்கத்தில்தான் கண் இருக்கும். வீட்டுப் பக்கத்தால், பின்னால் போ. குனிந்து கூட்டிக்கொண்டிருப்பார். உன்னைக் கண்டதும் விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்ப்பார். மறைக்க விடாதே. கையிலிருந்து வாங்கு. வாங்கிக்கொண்டு, "மாமா, டயர் தேஞ்சிட்டு" என்று சொல். அவ்வளவு போதும். விளக்கம் சொல்லாதே, மன்னிப்புக் கேட்காதே, என் பெயரை இழுக்காதே. அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். "ஓம் மருமகன், நானும் பாத்தன்" என்பார். அதைச் சொல்ல அவர் எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார் என்பது அவர் குரலில் உனக்கு விளங்கும்.

பிறகு இரண்டு பேரும் வீதி ஓரமாக, டிப்பர் வருகிற பக்கத்தில் நீ நின்றுகொண்டு, நடந்து வீட்டுக்கு வாருங்கள். விளக்குமாற்றை நீ தூக்கிக்கொண்டு வா, ஊர் பார்க்கட்டும். ஹஸ்னா ஜன்னலில் நிற்பாள். அவளுக்குக் கையைக் காட்டு.

அதற்குப் பிறகு போனை எடுத்து என் ஸலாமுக்குப் பதில் சொல். அதுவரை நான் உன்மீது கோபமாகத்தான் இருப்பேன்.

உம்மா
மருதமுனை